மஞ்சள் பென்சில் போட்ட இடங்கள்

இதை எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். ஆஸ்பத்திரி விஷயத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு ஸ்கேன் சென்டரில் வருகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும், ஈரமான எக்ஸ்ரே படங்களைக் கிளிப்பில் மாட்டிக் காயவைத்ததும்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். அப்படிப்பட்டவள் படித்தவர்கள் கண்ணில் படும்படி எழுத வந்திருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் என் மகள் செல்போனைப் பார்த்துக்கொண்டே ஒரு செய்தியைப் படித்தாள். ஆபரேஷனுக்கு முன்னாலேயே ஸ்கேன் படத்தைக் கம்ப்யூட்டரில் கொடுத்தால், புற்றுநோய் எங்கெங்கே பரவியிருக்கும் என்று அது சொல்லிவிடுமாம். மனுசக் கண்ணுக்குத் தெரியாததைக்கூடக் கணித்துவிடுமாம்.

"சூப்பர்ல?" என்றாள்.

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். "சொல்லிட்டு அது எங்க போய் உக்காந்துக்கும்?" என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வி புரியவில்லை. எனக்கும் அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை. சொல்லிவிட்டு உட்கார முடியாமல் தவித்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் பேரை இங்கே எழுதப்போவதில்லை. நாங்கள் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவோம். ஊர் அவருக்கு வேறு பேர் வைத்திருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஓசூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் சென்டர் இருந்தது. டாக்டரம்மா கோலார் பக்கம். வீட்டுப் பேச்சு கன்னடம். எங்களோடு தமிழ் பேசுவார், தெலுங்குக்காரர்கள் வந்தால் தெலுங்கும் பேசுவார். மெஷினோடு மட்டும் எப்போதும் கன்னடம்தான். படம் ஆடினால், "நில்லு, ஸ்வல்ப நில்லு", அதாவது கொஞ்சம் நில்லு என்று குழந்தையிடம் கெஞ்சுவதுபோலக் கெஞ்சுவார். குள்ளமான உருவம். கொண்டையில் பூ வைக்கும் இடத்தில் ஒரு மஞ்சள் மெழுகுப் பென்சிலைச் செருகியிருப்பார். எக்ஸ்ரே படத்தின் மேல் எழுதுவதற்கென்றே வருகிற பென்சில் அது.

சுற்றிலும் பட்டறைகள். பிரஸ் மெஷின்கள் ஓடும்போதெல்லாம் எங்கள் கரண்டு ஏறி இறங்கும், ஸ்கேன் திரையில் பூச்சி பறக்கும். மத்தியானம் சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் அந்தப் பட்டறைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கும். அந்த இடைவெளியில்தான் திரை தெளிவாக இருக்கும். யாருக்காவது உள்ளே சந்தேகமாக ஏதும் பட்டால், "சங்குக்கு அப்புறம் இன்னொரு தடவை பாக்கறேன்" என்பார் டாக்டரம்மா. இது ஊரில் பரவிவிட்டது. பாகலூர் பக்கம், "அவன சங்குக்கு நிறுத்தி வெச்சுட்டாங்களாமே" என்று யாராவது சொன்னால், கேட்கிறவர்கள் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டார்கள்.

மற்ற டாக்டர்கள் படத்தில் இருப்பதைச் சொல்வார்கள். இவரால் அதோடு நிற்க முடியாது. படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிப்பார். கட்டியின் ஓரத்தை நகத்தால் மெதுவாகச் சுற்றி வருவார். ஓரம் வழவழவென்று இருந்தால் முகம் இளகும். ஓரத்தில் வேர் விட்டதுபோல் இழை இழையாக இருந்தால், கை தானாகக் கொண்டைக்குப் போகும். பென்சிலை உருவி, கட்டி இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, வேறெங்கோ ஒன்றுமில்லாத இடத்தில் சின்னதாக ஒரு வட்டம் போடுவார். நோய் அங்கே போயிருக்கும் என்று அர்த்தம். ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டர் அந்த இடத்தையும் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

ஒருமுறை எனக்குக்கூடச் சொல்லிக் கொடுத்தார். உடம்பில் நெறி கட்டுகிற இடங்கள் நிறைய உண்டாம். "அது அவரைக்கொட்டை மாதிரி நீளமா இருந்தா ஒண்ணும் இல்லே. பட்டாணி மாதிரி உருண்டையா ஆச்சுன்னா யோசிக்கணும்." அந்த அவரை சீசன் முழுக்க எனக்கு அவரைக்காய்க் குழம்பு இறங்கவில்லை. ஒவ்வொரு கொட்டையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாகலூரிலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். பெண்ணுக்கு மார்பில் கட்டி. பெங்களூரில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். நெஞ்சுப் படம் எடுத்தோம். நுரையீரல் சுத்தமாக இருந்தது. டாக்டரம்மா வலது பக்கம் கீழே ஒரு வட்டம் போட்டார்.

அந்த மனிதர் படத்தை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். "இங்க ஒண்ணியும் காணலயே மேடம்."

"இல்லே."

"அப்பறம் எதுக்கு சுழிச்சுகீறீங்கோ?"

"இன்னும் இல்லே" என்றார் டாக்டரம்மா.

ஒளிக்காமல் சொன்ன பதில். ஆனால் அந்த 'இன்னும்' அந்த மனிதர் முகத்தில் விழுந்ததை நான் பார்த்தேன். சில மாதம் கழித்து அந்தப் பெண் இருமலோடு வந்தாள். புதுப் படம் எடுத்தோம். டாக்டரம்மா பழைய படத்தைக் கேட்டு வாங்கி, இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஜன்னலுக்குப் பிடித்தார். மஞ்சள் வட்டத்துக்குள் வெள்ளையாக ஒரு புள்ளி, அளவெடுத்து வைத்ததுபோல உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை, டிபன் பாக்ஸை நான் திறக்காமலேயே திருப்பிக் கொடுத்தேன்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. வட்டம் போட்ட ஒவ்வொருவரைப் பற்றியும் ஆபரேஷன் முடிந்ததும் பெங்களூருக்கு எஸ்.டி.டி. போட்டுக் கேட்பார். "அங்கே இருந்ததா?" என்று ஒரே கேள்வி. இருந்தது என்றால் போனை வைத்துவிட்டுச் சாப்பிடாமல் இருப்பார். இல்லை என்றால், அதாவது அவர் சொன்னது தப்பு என்றால், அவரைப்போல் சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் கீழே இறங்கிப் போய் மைசூர்பாக் வாங்கி வருவார். காத்திருக்கும் பேஷண்டுகளுக்கெல்லாம் தன் கையாலேயே கொடுப்பார். ஒரு பெரியவர் கையில் மைசூர்பாக்கை வைத்துக்கொண்டு விழித்தார். "வெறும் வயித்துல வரச் சொன்னீங்களே மேடம்?"

"நாளைக்கு வாங்கோ, தாத்தா. இன்னிக்குத் தின்னுங்கோ. நான் தப்பு பண்ணிட்டேன்."

பெரியவர் என்னைப் பார்த்தார். தப்பு செய்துவிட்டு ஸ்வீட் கொடுக்கிற டாக்டரை அவர் எங்கே பார்த்திருப்பார். ஆனால் மைசூர்பாக் வந்த நாட்கள் குறைவு.

எதற்கு இந்தப் பென்சில் வேலை, உங்கள் வேலை ரிப்போர்ட் எழுதுவதுதானே என்று எங்கள் சென்டர் முதலாளியே ஒருநாள் கேட்டார். டாக்டரம்மா சாமல்பட்டிக்காரர் ஒருவரைப் பற்றிச் சொன்னார். வயிற்றைத் திறந்து பார்த்தார்களாம். உள்ளே எங்கு பார்த்தாலும் பரவியிருந்ததாம். எடுக்க ஒன்றுமில்லை என்று அப்படியே தைத்துவிட்டார்களாம். காயம் ஆறவில்லை. மிச்சமிருந்த நாளெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டு மாற்றிக்கொண்டே கழிந்தது.

"அவருக்கு அந்த நாள் வீட்ல இருந்திருக்கணும், சார். தோட்டத்துல கட்டில் போட்டு மாங்கா கடிச்சுகிட்டு இருந்திருக்கணும். கீறறதுக்கு முந்தியே யாராவது சொல்லி இருந்தா இருந்திருப்பாரு."

முதலாளி அதோடு விட்டுவிட்டார். ஊர் விடவில்லை. பென்சில் டாக்டரம்மா வட்டம் போட்டால் நோய் அங்கே போய்ச் சேர்ந்துவிடும் என்று பேசிக்கொண்டார்கள். வழி தெரியாமல் நின்ற நோய்க்கு அவர்தான் அடையாளம் காட்டுகிறார் என்றார்கள். அதனால் படத்தை வாங்கிக்கொண்டு மாடிப்படி இறங்கியதும் முதல் வேலையாக வட்டத்தை அழித்தார்கள். மெழுகு தண்ணீருக்குப் போகாது. கெரசின் போட்டார்கள், தேங்காயெண்ணெய் போட்டார்கள். ஒருத்தி அதன்மேல் திருநீற்றைப் பூசிக் கொண்டுபோனாள். பெங்களூரிலிருந்து போன் வரும்: "என்ன மேடம், படமெல்லாம் எண்ணெய் வாசனை வருது?" டாக்டரம்மா கோபப்படவில்லை. "அழிச்சா போயிடும்னா நானே அழிச்சிருப்பேனே" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

நான் அதையெல்லாம் நம்பவில்லை. ஆனாலும் பயந்தேன். அவர் கண் என்மேல் படாமல் நடக்கப் பழகிக்கொண்டேன். படத்தைக் கொடுக்கும்போது ஒரு பக்கமாகத் திரும்பி நிற்பேன். பஸ் ஸ்டாண்டில்கூட அவர் ஜனங்கள் நடப்பதைப் பார்ப்பார், கழுத்தைப் பார்ப்பார். டீக்கடை மாஸ்டரின் கழுத்தில் எதையோ கண்டு, அவரை விடாமல் கூப்பிட்டு ஸ்கேன் செய்தார். அவர் "மேடம், டீக்கு காசு வேணாம், என்ன விட்டுருங்க" என்று கும்பிட்டார். அது வெறும் கொழுப்புக் கட்டி. எங்களுக்கு மைசூர்பாக் கிடைத்தது. நான் ஒதுங்குவது டாக்டரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அப்புறம் என்னோடு பேசும்போதெல்லாம் சுவரைப் பார்த்தே பேசினார். எனக்காகச் செய்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் ஒரு மாதிரி இருக்கிறது.

இப்போது என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்கா எனக்கு நேர் எதிர். வாய் ஓயாது. ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டும் வேலை. மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், இரும்பு வார்க்கும் பட்டறையில் இருந்தார். அக்காவுக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. பெங்களூரில் குழாய் விட்டுப் பார்த்து, இரைப்பையில் புற்று என்றார்கள். இரைப்பையை எடுத்துவிட்டால் பிழைக்கலாம் என்று ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார்கள். அங்கே எடுத்த பெரிய ஸ்கேன் படத்தை வாங்கிக்கொண்டு மாமா அக்காவோடு எங்கள் சென்டருக்கு வந்தார். டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டாம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அக்காதான் பிடிவாதமாகக் காட்டச் சொன்னாள்.

டாக்டரம்மா படத்தை ஜன்னலுக்குப் பிடித்தார். ரொம்ப நேரம் பிடித்திருந்தார். பிறகு, "சங்குக்கு அப்புறம் ஒரு தடவை நான் பாக்கறேன்" என்றார்.

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஏன்டி, என்னையும் சங்குக்கு நிறுத்திட்டாங்களே உங்க மேடம்."

பட்டறைகள் நின்றன. அந்த அமைதியில் டாக்டரம்மா அக்காவின் வயிற்றின்மேல் கருவியை வைத்து இழுத்து இழுத்துப் பார்த்தார். அன்றைக்கு மெஷினோடு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும் பெரிய படத்தை எடுத்து, இரைப்பையை விட்டு நன்றாகக் கீழே தள்ளி, நீளமாக ஒரு வட்டம் போட்டார்.

"இரைப்பைக்குக் கீழே ஒரு கொழுப்புத் திரை தொங்கும்" என்றார்.

"ஏப்ரன் மாதிரியா?" என்று மாமா கேட்டார். பட்டறையில் அவர் கட்டிக்கொள்வது அவர் ஞாபகத்துக்கு வந்திருக்கும்.

"அதே மாதிரிதான். அதுல விழுந்திருக்குன்னு நினைக்கிறேன். படத்துல நேரா தெரியல."

அக்கா எழுந்து உட்கார்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். "நேரா ஒண்ணு கேக்கறேன் மேடம். கீறினா பொழைப்பனா?"

"அங்கே பரவலேன்னா கீறிதான் ஆகணும். கீறாட்டி தப்பு. பரவி இருந்தா கீறி ஒண்ணும் பிரயோஜனம் இல்லேம்மா. காயம் ஆறறதுலயே இருக்கற நாள் போயிடும்."

"இருக்குதா இல்லியா?"

"இருக்குன்னு நினைக்கிறேன். நான் தப்பா இருக்கலாம்."

"இதுக்கு முந்தி தப்பா இருந்துகீறீங்களா?"

"இருந்திருக்கேன்."

"நெறயவா?"

டாக்டரம்மா பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டார். அக்கா என் பக்கம் திரும்பினாள். நான் கிளிப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் சின்னத் துவாரம் போட்டுக் கேமரா விட்டு உள்ளே பார்க்கிற முறை பெங்களூருக்கு வந்திருந்தது. எல்லாருக்கும் அதைச் செய்ய மாட்டார்கள். காரணம் வேண்டும். "முதல்ல துவாரம் போட்டு இந்த எடத்தைப் பாக்கச் சொல்லுங்கோ. இருந்தா கீறாம விடட்டும். இல்லேன்னா தாராளமா கீறட்டும். வட்டத்தைப் பாத்தா சர்ஜனுக்குப் புரியும்" என்று மாமாவிடம் நாலைந்து தடவை சொன்னார். மாமா தலையாட்டினார். வட்டம் இல்லாமல் போனால் நேராகத் திறந்துவிடுவார்கள். இது அங்கிருந்த எல்லாருக்கும் புரிந்தது.

அக்காவைச் சேர்த்த அன்று நானும் போனேன். ஜூஜுவாடி செக்போஸ்டில் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றதில் பெங்களூர் போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது. வார்டில் டாக்டரம்மா எங்களுக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார். லீவு போட்டு வந்திருந்தார். வேறு யாருக்கும் அவர் அப்படி வந்ததில்லை.

"படத்தைக் கொடுங்கோ" என்றார்.

மாமா உறையோடு கொடுத்தார். டாக்டரம்மா உருவி ஜன்னலுக்குப் பிடித்தார். வட்டம் இல்லை. அந்த இடம் மற்ற இடங்களைவிடப் பளபளப்பாக இருந்தது. தேங்காயெண்ணெய் வாசனை எனக்கே வந்தது.

மாமா சுவரோரமாகப் போய் நின்றார். "நீங்க கோச்சுக்கக் கூடாது மேடம்" என்றார். "பட்டறையில அத்தன பேரும் சொல்றாங்க. நீங்க போட்டா அங்க வந்துருதாம். எனக்கு இவ ஒருத்திதான். புள்ள குட்டி இல்ல. நீங்க சொல்றது எல்லாம் சரிதான், எனக்குப் புரியாம இல்ல. ஆனா ராத்திரி அந்த மஞ்சளப் பாத்துக்கினு என்னால தூங்க முடியல."

டாக்டரம்மா பென்சிலை உருவினார். மாமா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துவிட்டார். ஒரு டாக்டரின் கையைப் பிடித்துவிட்டோம் என்று அவருக்கே உறைத்து, விட்டுவிட்டார். பின்பு கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாம் மேடம். உங்க கையால வேணாம்."

டாக்டரம்மா பென்சிலைப் பிடித்தபடியே நின்றார். அதை அவரால் வைக்கவும் முடியவில்லை. அவர் முகத்தை அன்றைக்குத்தான் நான் நேராகப் பார்த்தேன். ஊர் சொன்னதை அவரும் பாதி நம்பியிருந்தார் என்று எனக்கு அப்போது தோன்றியது. அது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

கட்டிலில் இருந்து அக்கா சொன்னாள். "அதக் குடுங்க இப்டி."

மாமா திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பென்சில குடுங்க மேடம். உங்க கையால போட்டாதானே பயம்? என் ஒடம்பு, என் கையால போட்டுக்கறேன். நான் இன்னா சூனியக்காரியா?" மாமாவைப் பார்த்து, "நானுன்னா உனக்கு பயமில்லியே? இருந்தா கல்யாணத்துக்கு முந்தியே சொல்லியிருக்கணும்" என்றாள்.

மாமா அழுதுகொண்டே சிரித்துவிட்டார்.

டாக்டரம்மா படத்தை அக்காவின் மடியில் வைத்தார். விரலால் ஓர் இடத்தைத் தொட்டார். "இங்கே."

அக்காவுக்குப் பேனா பிடித்துப் பழக்கமில்லை. ரோஜா வெட்டும் கத்தரியைப் பிடிப்பதுபோல் பென்சிலைப் பிடித்தாள். எண்ணெய்மேல் மெழுகு வழுக்கியது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி போட்டாள். கோணல் மாணலாக, கொஞ்சம் பெரிதாகவே ஒரு வட்டம் வந்தது.

"போதுமா? இன்னும் கொஞ்சம் கீழ இழுக்கணுமா?"

"போதும்மா" என்றார் டாக்டரம்மா.

சாயங்காலம் சர்ஜன் வந்தார். படத்தைப் பார்த்துவிட்டு, "யார் போட்டது இது?" என்றார்.

"நான்தான் சார்" என்றாள் அக்கா.

சர்ஜன் டாக்டரம்மாவைப் பார்த்தார். இருவரும் இங்கிலீஷில் பேசினார்கள். எனக்குப் புரியவில்லை. டாக்டரம்மா விரல் நகத்தால் எதையோ சுற்றிச் சுற்றிக் காட்டினார். சர்ஜன் இரண்டு தடவை தலையை இல்லை என்று ஆட்டினார். கடைசியில் படத்தை உறையில் போட்டபடி மாமாவிடம், "முதல்ல துவாரம் போட்டுப் பாத்துடலாம். அதைப் பாத்துட்டுதான் மத்தது" என்றார்.

டாக்டரம்மாவை வழியனுப்ப நான் வராந்தா வரை போனேன். அன்றைக்கு அவர் சுவரைப் பார்க்கவில்லை.

"நாளைக்கு எனக்கு போன் பண்ணாதே" என்றார்.

சரி என்றேன். அடுத்த மழைக்காலத்துக்குள் அவர் சென்டரை விட்டுப் போய்விட்டார். எங்கே போனார் என்று முதலாளிக்கும் தெரியவில்லை. ஆறேழு வருஷம் கழித்து மைசூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக் கொடுக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். உண்மையோ பொய்யோ. இன்றைக்கும் நான் ஜனங்கள் நடுவில் நிற்கும்போது, யாருடைய முதுகிலாவது என் கண் தங்கிவிட்டால் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன். எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் திரும்பிக்கொள்கிறேன்.

அக்காவைச் சேர்த்த மறுநாள் காலை அவளை ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோனார்கள். துவாரம் போட்டுப் பார்த்தார்கள். அந்தக் கொழுப்புத் திரையில் நோய் இருந்தது. வயிற்றைத் திறக்கவில்லை, துவாரத்துக்குத் தையல் போட்டு வெளியே அனுப்பினார்கள். மத்தியானம் கண் விழித்த அக்கா பசிக்கிறது என்றாள். மாமா இட்லி வாங்கப் போனார்.